பதினொரு சோவியத் பேட்ஜுகளும் கத்தரித்த ஒரு செய்தியும்

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள்; விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் உள்ளே சிவப்பு எனாமல் பூசிய ஒரு பேட்ஜ். அங்கே நடைபாதையில் சாக்கு விரித்து, உருளைக்கிழங்கு குவித்த மாதிரிப் போட்டு விற்கிறார்களாம்.

என் விரல்கள் என்னைக் கேட்காமலே அதைத் திருப்பிப் பார்த்தன. பின்பக்கம் சேப்டி பின் போல ஒரு குத்தூசி இருந்தது. திருகாணி இல்லை. போர்க்காலத்துச் சரக்கு அல்ல, பிற்பாடு செய்தது. அவளிடம் அதைச் சொன்னேன்.

"பாட்டாவுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றவள், உடனே தானே பதிலும் சொன்னாள். "ஓ, இதச் சேத்து வச்சிருந்த லாரி டிரைவர் உங்க கூட்டுக்காரராக்கும் இல்லியா? எனக்க அம்மை சொல்லுவா. பாவம், சொந்த அளியன்தான் அவர போலீசுக்குக் காட்டிக் குடுத்தாராம்."

அவள் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பு நடந்தது. அவள் அம்மாவுக்கே அப்போது நடை பழகும் வயதுதான் இருந்திருக்கும். ஆனாலும் செய்தி தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. நான் பேட்ஜை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றேன். அன்று எதுவும் தோன்றவில்லை. மறுநாள்தான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீ போரிலிருந்து திரும்பிய நாள் எனக்கு நினைவில்லை. நீ அந்த பிஸ்கட் டின்னைத் திறந்த நாள் நினைவிருக்கிறது. பாறசாலையில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரியின் லாரி ஷெட்டுக்குப் பின்னால் உனக்கு ஓர் அறை. கலியாணம் இல்லை, பெற்றோர் இல்லை. உறவென்று ஒரே தங்கை, பெருங்கடவிளையில் பள்ளி வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டவள். டின்னுக்குள் ராணுவக் கம்பளித் துண்டு ஒன்றை நாலாக மடித்து விரித்திருந்தாய். அதில் நான்கு பேட்ஜுகள் திருகியிருந்தன.

உலகப் போரின்போது பாரசீகத்தில் நீ பட்டாளத்துச் சரக்கு லாரி ஓட்டியிருந்தாய். பாலைவனம் கடந்து மெஷத் வரை கொண்டுபோய், அங்கே ரஷ்ய டிரைவர்களிடம் ஒப்படைப்பது வேலை. இறக்கி ஏற்றும் நேரத்தில் அவர்கள் உங்களிடம் தேயிலையும் சிகரெட்டும் கேட்பார்கள். நீ அவர்கள் மார்பைப் பார்ப்பாய்.

"அது தகரத்தில அடிச்ச பெயிண்டுன்னு நினச்சியா? கண்ணாடியாக்கும் மக்கா. பொடிச்சு, நிறம் சேத்து, சூளையில உருக்கி ஊத்துனது. சண்டை நடக்குது, திங்க ரொட்டி இல்ல, ஆனா இத உருக்க ஒருத்தன் உக்காந்திருக்கான். அவன யோசிச்சுப் பாரு."

முதல் பேட்ஜ் வாஸ்யா என்ற டிரைவருடையது. நன்றாக வண்டி ஓட்டுபவனுக்குக் கொடுப்பது அது. கேடய வடிவம், கீழே அரிவாளும் சுத்தியலும். பேட்ஜின் முதுகில் ஒரு ஆணி நிற்கும். சட்டையில் துளை போட்டு அதை நுழைத்து, உள்பக்கம் வட்டமான திருகாணியால் இறுக்க வேண்டும். வாஸ்யா உன் எதிரிலேயே அதைக் கழற்றி, அரை ராத்தல் தேயிலைக்குக் கொடுத்துவிட்டு, சட்டையில் விழுந்த துளைக்குள் விரலை விட்டுக் காட்டிச் சிரித்தானாம்.

ஊருக்கு வந்த பிறகுதான் உனக்குப் பித்து முற்றியது. உன்னோடு ஓட்டியவர்களுக்கெல்லாம் கார்டு எழுதினாய். உன் ஆங்கிலத்தில் இரண்டே வரி: ரஷ்ய பேட்ஜ் இருக்கிறதா, திருகாணி இருக்கிறதா. பஞ்சாபிலிருந்து ஒருவர் சோப்புக் கட்டியைக் குடைந்து, உள்ளே ஒன்றைப் புதைத்துத் தபாலில் அனுப்பினார். தபால்காரர் அதை முகர்ந்து பார்த்து, "லைபாய் எல்லாம் இப்ப பஞ்சாபிலிருந்தா வருது?" என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவர் தன்னுடையதை மாட்டின் நெற்றிப் பட்டையில் தைத்திருந்தார். இரண்டு நாள் ரயில் ஏறிப் போய், ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்து வாங்கி வந்தாய். எனாமலில் கொம்பு உரசிய கோடு இருந்தது. "மாட்டுக்குத் தெரியுமா, சண்டையில பேரெடுத்த படைக்காரனுக்கு மட்டும் குடுக்கிறத தனக்குக் குத்திட்டான்னு" என்றாய். அப்படியே பதினொன்று சேர்ந்தது.

உனக்குச் சில விதிகள் இருந்தன. பளபளப்புக்காகத் தேய்க்கக் கூடாது. திருகாணி இல்லாததை வாங்கக் கூடாது. வேறொன்றின் திருகாணியைப் போட்டிருந்தால் அதை மறைக்கக் கூடாது. ஆறாவது பேட்ஜுக்கு அப்படித்தான். அதை நீயே முந்திச் சொல்லுவாய். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் திருகாணியின் மேலிருந்த எழுத்தைத் தடவி, எது எதனுடையது என்று சொல்லிவிடுவாய். இந்த உலகத்தில் அந்த டின்னுக்குள் பார்த்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். மற்றவர் உன் அளியன், தங்கையின் கணவர், வாத்தியார்.

அது எல்லைப் போராட்டம் நடந்த காலம். தென் திருவிதாங்கூர்த் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம். நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் நம் ஊர்களும் அதில் உண்டா இல்லையா என்று ஒரு பக்கம். நான் நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபர். கூட்டம், ஊர்வலம், தடியடி, கைது; இதுதான் என் வாரம். வாத்தியார் இந்த ஊர்கள் மலையாளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர். உனக்கோ இரண்டுமில்லை.

"ரோட்டில குழி இருக்கப்பிடாது. அது எந்த ஸ்டேட்டுக் குழின்னு எனக்கு என்ன?" என்பாய்.

நீ வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். தமிழ் எழுத்து உனக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுதிய எதையும் நீ படித்ததில்லை. முக்கியமானதாகத் தோன்றினால், "வாசி மக்கா" என்பாய், நான் வாசிப்பேன்.

உன் பேட்ஜுகளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். நீ யோசிக்கவே இல்லை.

"எழுதண்டாம். வாஸ்யா அவனுக்க ஆபீசருகிட்ட தொலஞ்சு போச்சுன்னு சொல்லியிருப்பான். சொல்லாம தீராது, குடுத்தது குத்தமாக்கும் அங்க. நான் இஞ்ச கிடச்சுது கிடச்சுதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சா அவன் கள்ளனாயிருவான்லா?"

"நாகர்கோவில் பத்திரிகையை ரஷ்யாவில் யார் படிக்கப் போகிறார்கள்?"

"எலே, படிப்பானா படிக்கமாட்டானாங்கிறது இல்ல. நான் சொல்லப்பிடாது."

சரி என்றேன். ஏழு மாதம் எழுதவில்லை. பிறகு ஒரு வாரம் வந்தது. ஊர்வலங்களுக்குத் தடை, கூட்டங்களுக்குத் தடை, அனுப்ப ஒன்றுமில்லை. ஆசிரியர் இரண்டு பத்தி நிரப்ப ஏதாவது கேட்டார், அரசியல் இல்லாததாக. நான் எழுதினேன். உன் பெயர் போடவில்லை. வாஸ்யா பெயரும் போடவில்லை. 'நமது நிருபர்' என்றுதான் வந்தது, என் பெயரும் இல்லை. ஆனால் என் தொழிலில் நான் கெட்டிக்காரன். பாறசாலை அருகே லாரி ஓட்டுபவர் என்று எழுதினேன். பாரசீகத்தில் பணி செய்தவர் என்றும், பதினொரு பேட்ஜுகள் என்றும், சிவப்பு நட்சத்திரம், அரிவாள் சுத்தியல் என்றும் எழுதினேன். ஆறாவதற்குத் திருகாணி மாற்று என்றும், ஒன்றில் இலை வேலைப்பாட்டின் ஓரம் எனாமல் பெயர்ந்திருக்கிறது என்றும் எழுதினேன். பெயரைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

செய்தி வந்து பதினாறாம் நாள், களியக்காவிளை தாண்டி மரச்சீனி இறக்கிக்கொண்டிருந்த உன்னைப் பிடித்தார்கள். டின் வண்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. அறைக் கூரை ஒழுகியதால் அந்த வாரம் கையோடு வைத்திருந்தாய். போராட்டக்காரர்களுக்கு எங்கிருந்தோ சிவப்புக் கட்சிக்காரர்கள் உதவுகிறார்கள் என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அரிவாள் சுத்தியல் போட்ட பதினொரு பேட்ஜுகள் அவர்களுக்குப் போதும்.

பன்னிரண்டு நாள். உள்ளே என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை. வெளியே வந்தபோது இடது காது உனக்குக் கேட்கவில்லை. வண்டியின் இடப்பக்கம் வரும் ஹார்ன் அதற்குப் பிறகு உனக்குக் கேட்டதே இல்லை. கிளீனரை இடப்பக்கம் உட்கார வைத்து, அவன் தோளைத் தட்டினால் ஒதுங்குவாய்.

ஒன்றை மட்டும் சொன்னாய். இன்ஸ்பெக்டர் மேசையில் ஒரு தாள் இருந்தது. கையால் எழுதியது, மலையாளத்தில். தலைகீழாகவே வாசித்துவிட்டாய். அதில் எல்லாம் இருந்தது. இன்ஸ்பெக்டர் டின்னைத் திறந்து, தாளைப் பார்த்து, "ஆறாமத்தேது ஏதாடா?" என்று கேட்டார். ஆறாவது எது என்று.

"ஆணி மாத்துனது வரைக்கும் எழுதிக் குடுத்திருக்கான் மக்கா. மலையாளத்தில. வடிவான எழுத்து. வாத்தியாரு எழுத்து."

அது என் செய்தியின் மொழிபெயர்ப்பு. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஸ்டேஷனில் யாரையோ உட்கார வைத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அது புரிந்துவிட்டது. உனக்குப் புரிய வழியில்லை. டின்னைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தமிழில் எழுதுகிறவன், மற்றவர் மலையாளத்தில் எழுதுகிறவர். தாள் மலையாளத்தில் இருந்தது.

நீ தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம், மத்தியான நேரம், ஷெட்டில் நீ வண்டிக்கு அடியில் படுத்திருந்தாய். என் செருப்பைப் பார்த்துத்தான் வெளியே வந்தாய். கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாய். பத்திரிகையிலிருந்து கத்தரித்தது, இரண்டு பத்தி.

"அளியன் கொண்டு வந்தான். வாசகசாலையில தேடி எடுத்தானாம். 'நான் எழுதிக் குடுக்கல்ல, இதுதான் காரணம்'னு சொல்லுகான். அழுகான் மக்கா, கேட்டியா. எனக்கு எழுத்து தெரியாதுல்லா. வாசி."

வாங்கினேன். என்னுடைய வாக்கியங்கள். அச்சில் ஓர் இடத்தில் எழுத்துப் பிழை கூட இருந்தது. நீ வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாய்.

நான் வாசித்தேன்: "பொழியூர்க் கடற்கரையில் கடல் அரிப்பு மீண்டும் தீவிரமடைந்துள்ளது. கடந்த வாரம் அலைகள் ஏறி வந்து நான்கு குடிசைகளை இழுத்துச் சென்றன. வள்ளங்களை மேட்டில் ஏற்ற இடமில்லை என்று மீனவர்கள் கூறுகின்றனர்."

பொய்ச் செய்தி அல்ல. அந்த மாதம் நானே போய்ப் பார்த்து அனுப்பியதுதான், வரிக்கு வரி நினைவிருந்தது. அந்தத் தாளில் இல்லை, அவ்வளவுதான். இரண்டு பத்திக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் வாசித்தேன்.

"இதில எனக்க பேட்ஜ் எங்க?"

"இல்லை."

"ஒண்ணும் இல்லியா?"

"இல்லை."

நீ சிரித்தாய். "எனக்கு எழுத்து தெரியாதுன்னு வாத்தியாரு நம்மள பொட்டனாக்கப் பாத்திருக்காரு, பாத்தியா? காட்டிக் குடுத்தது கூட போட்டும். இத நான் விடமாட்டேன்."

காகிதத்தை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனாய். நாற்பது வருடம் செய்தி எழுதியிருக்கிறேன். தெரிந்தே தவறாகக் கொடுத்தது அது ஒன்றுதான். கேட்டவன் நீ ஒருவன்தான்.

அதன்பின் நடந்தவற்றில் எதுவும் உனக்குத் தெரியாததல்ல. அளியன் உன் ஷெட்டுப் பக்கம் வரக்கூடாது என்றாய். தங்கை இரண்டு முறை வந்தாள். "அண்ணனுக்கு நான் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டாள். "நீ வா. அவன் கூட இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்றாய். மூன்றாவது முறை அவள் வரவில்லை.

எல்லை பிரிந்தது. விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் நின்றோம். உன் வழக்கு ஏற்கெனவே ஒன்றுமில்லாமல் போயிருந்தது. ஆனால் டின்னை வழக்குச் சான்றாக, தொண்டியாக எடுத்தது அந்தப் பக்கத்து எல்லையில், வழக்குக் காகிதம் இருந்தது இந்தப் பக்கத்தில். நீ மலையாளத்தில் இங்கே மனுப் போட்டாய், நான் உனக்காகத் தமிழில் அங்கே மனுப் போட்டேன். இங்கே, பொருள் அங்கே இருக்கிறது என்றார்கள். அங்கே, காகிதம் இல்லாமல் பொருள் தர முடியாது என்றார்கள். மூன்று வருடம் கழித்து, "போட்டு மக்கா. அவன் உருக்குனது எங்கயாவது கிடக்கும். கண்ணாடி மக்கிப் போவாது" என்றாய். அதற்குப் பிறகு நீ பேட்ஜ் பேச்சை எடுக்கவே இல்லை. எங்கேயும் கார்டு எழுதவும் இல்லை.

தங்கை இறந்தபோது அடக்கத்துக்கு நாம் இருவரும் போனோம். நீ கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றாய். உள்ளே வாத்தியார் நின்றதால். பாட்டுப் பாடியது கேட்டது, மண் விழுந்த சத்தம் உனக்குக் கேட்டதா தெரியவில்லை. நான் உன் வலப்பக்கம் நின்றேன். சொல்ல வேண்டுமென்றால் அதுதான் நேரம். குனிந்து பேசினால் போதும், அவ்வளவு பக்கம். என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதப் பார்க்கிறேன். வரவில்லை. சுவர் புதிதாக வெள்ளையடித்திருந்தது, உன் சட்டை முதுகில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டேன். அது நினைவிருக்கிறது.

நீ போய் ஒன்பது வருடம். உன்னிடம் சொல்லவேண்டிய பயமே அதோடு தீர்ந்துவிட்டது என்றுதான் இருந்தேன். அந்தப் பெண் வந்து "சொந்த அளியன்தான் காட்டிக் குடுத்தாராம்" என்று சொன்ன பிறகு, அந்தச் செய்தி எனக்குப் பிறகும் இருக்கும் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை பெருங்கடவிளைக்கு பஸ் ஏறினேன்.

வாத்தியார் நல்ல திடமாக இருக்கிறார். முற்றத்தில் பாயில் நல்லமிளகு காயப்போட்டு, கோழியை விரட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். கட்டன் சாயா வந்தது. நான் அதைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன், முதலிலிருந்து, வரிசை மாறாமல். செய்தியை எழுதியது நான் என்று. அதில் அவர் ஆச்சரியப்படவில்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தப் பேப்பருக்கு இஞ்ச வேற ஆரு இருந்தா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்காதது ஒண்ணுதான். கண்ணு முன்னால கொண்டு குடுத்தேன். ஆருகிட்டயாவது வாசிச்சுக் கேளுன்னு சொன்னேன். பிறகும் எப்பிடி நம்பாமப் போனான்?"

"என்னிடம்தான் வாசிக்கச் சொன்னான்."

அவர் கோழியை விரட்டுவதை நிறுத்தினார்.

"நீங்க என்ன வாசிச்சீங்க?"

"பொழியூரில் கடல் அரிப்பு."

கொஞ்ச நேரம் அவர் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கடல் அரிப்பு" என்றார். பிறகு, "எனக்க கெட்டியவளும் நம்பல்ல. இருபத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு விளம்பினா. ஒரு நாள் உப்புக் கூடுதல் இல்ல, குறவு இல்ல. அண்ணன் பேரு வந்தா மட்டும் எனக்க முகத்தப் பாக்கமாட்டா. சாகிற அன்னைக்கும் கேட்டா, 'இப்பமாவது சொல்லுங்கோ, நீங்கதானே'ன்னு. நான் இல்லன்னு சொன்னேன். கண்ண மூடிக்கிட்டா."

மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்டால், கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்கு எதுக்குச் சொல்லுதீங்க? எனக்குத்தான் தெரியுமே. அவளுக்குச் சொல்லுங்க. வாங்க."

கல்லறைத் தோட்டம் பத்து நிமிட நடை. உன் தங்கையின் கல்லறை மூன்றாவது வரிசையில், சுவரிலிருந்து ஐந்தாவது. வெயில் தாழவில்லை. அவர் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். நான் நின்று, போலீசிடம் இருந்தது அவர் எழுதிக் கொடுத்ததல்ல, பத்திரிகையில் வந்தது என்று சத்தமாகச் சொன்னேன்.

"ஆரு எழுதினதுன்னு சொல்லல்ல" என்றார்.

நான் எழுதியது என்றேன்.

"பேரு சொல்லுங்க. அவளுக்கு உங்க குரல் தெரியாது."

என் முழுப் பெயரையும், அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். நீ வாசிக்கச் சொன்னபோது வேறொன்றை வாசித்தேன் என்றும் சொன்னேன். கண்ணில் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பாறசாலை பஸ் அஞ்சு மணிக்காக்கும்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிறகு அவன் உங்ககிட்ட எப்பமாவது கேட்டானா, அந்தக் காகிதத்தப் பத்தி?"

"இல்லை."

"ஒருக்கலும்?"

"இல்லை."

திரும்பி வந்த அன்றே பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா நம்பவில்லை, எனக்கு வயதாகிவிட்டது, யாருக்காகவோ பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். மறுபடி சொன்னேன். இனி யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காதவர்களிடமும். அது ஊரில் பாதி வழியாவது போகும். உன்னிடம் மட்டும் போகாது.

இத்தனை வருடமும் நான் பயந்தது, நீ அந்தக் காகிதத்தை வேறு யாரிடமாவது காட்டிவிடுவாய் என்பதற்கு. ஷெட்டுக்கு எதிரே தையல்காரருக்குத் தமிழ் தெரியும். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குத் தெரியும். உன் கிளீனருக்குத் தெரியும். தினமும் எட்டு மணிநேரம் உன் இடப்பக்கம் இருந்தான். நீ கையை நீட்டியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நீ நீட்டவில்லை. நான் வாசித்தாயிற்று, அது போதும் என்று இருந்துவிட்டாய். எனக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை, இது மட்டும் உறைக்கிறது.